மரகதம் பாட்டு

இந்த வருடத்தோடு "யார் சொன்னது?" நிகழ்ச்சியிலிருந்து விலகிக்கொள்கிறேன். முப்பத்தைந்து வருடம் பத்திரிகை, அதற்குப் பிறகு ஏழு வருடம் பாட்காஸ்ட். போதும். தொண்டை கரகரக்கிறது. முட்டியை மடக்கினால் ஒரு சத்தம் வருகிறது, அது ஒலிப்பதிவில் வேறு விழுகிறது. இனிமேல் நிகழ்ச்சியைத் திவ்யா நடத்துவாள். அவள்தான் போன வாரம் கேட்டாள்.

"அக்கா, புதுசா மூணு பேரு சேர்றாங்க. அவங்களுக்கு ஏதாச்சும் எழுதிக் குடுங்க லா. டிப்ஸ் மாதிரி."

டிப்ஸ் என்னிடம் இல்லை. ஊரே நம்பிக்கொண்டிருக்கிற பழைய கதைகளை எடுத்து, இதை முதலில் யார் சொன்னது, அவருக்கு எப்படித் தெரியும் என்று தோண்டிப் பார்ப்பதுதான் எங்கள் நிகழ்ச்சி. அப்படித் தோண்டும்போது ஒரு முறை குழிக்குள் என் கையெழுத்தே கிடந்தது. அதை எழுதித் தருகிறேன். புதிதாக வருகிற பிள்ளைகள் அதிலிருந்து எதை எடுத்துக்கொள்வார்களோ எடுத்துக்கொள்ளட்டும்.

நான் மலாக்கா மாநிலத்தில், செலண்டார் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். அப்பா பால்மரம் வெட்டிப் பால் எடுத்தார், அம்மாவுக்குக் களை எடுக்கிற வெளிக்காட்டு வேலை. பள்ளியில் ஐந்தாம் படிவம் முடித்துவிட்டு வீட்டில் உட்கார்ந்திருந்தேன். தமிழில் கடிதம் எழுதத் தெரிந்த பெண் என்று தோட்டத்து ஆபீஸ் கிராணி சொல்லித்தான் மலாக்கா டவுனில் ஒரு தமிழ் நாளிதழின் கிளை அலுவலகத்தில் சேர்ந்தேன். கீழே மளிகைக் கடை, மேலே நாங்கள். கடையில் மிளகாய் அரைக்கிற நெடி படியேறி வரும். தும்மிக்கொண்டேதான் செய்தி எழுதக் கற்றுக்கொண்டேன்.

கற்றுக்கொடுத்தவர் கதிரேசன் சார், கிளையின் பொறுப்பாசிரியர். வெள்ளைச் சட்டை போட்டு, முழங்கை வரை மடிக்காமல் மணிக்கட்டில் பொத்தான் போட்டிருப்பார். யாரையும் திட்ட மாட்டார். குரல் உயராது. திட்டிவிட்டால்கூடப் பரவாயில்லை என்று தோன்றும்படி ஒரு பார்வை உண்டு. புது நோட்டு ஒன்று கொடுத்தார் என்றால் முதலில் அவரே ஸ்கேல் வைத்துப் பக்கத்தின் நடுவில் மேலிருந்து கீழாக ஒரு கோடு இழுப்பார். இடப்பக்கம் கண்டது, வலப்பக்கம் கேட்டது. கேட்டதற்குப் பக்கத்தில் சொன்னவர் பெயர் இருக்க வேண்டும். செய்தி எழுதும்போது இடப்பக்கம் இருப்பதை மட்டும் நாம் சொல்லலாம். வலப்பக்கம் இருப்பதை அவர் சொன்னார், இவர் சொன்னார் என்றுதான் எழுத வேண்டும்.

சேர்ந்த புதிதில் ஜாசின் சாலையில் ஒரு விபத்து. "வேகமாக வந்த லாரி" என்று எழுதிவிட்டேன்.

"லாரி வேகமா வந்தத நீ பாத்தியாம்மா?"

"இல்ல சார், எதிர்க் கடைக்காரரு சொன்னாரு."

"அப்ப கடைக்காரரத் தூக்கி அந்தப் பக்கம் உக்கார வை."

தினமும் மதியம் மூன்று மணிக்குச் செய்திகளையும் படங்களையும் ஒரு கவரில் போட்டு, கோலாலம்பூர் போகிற எக்ஸ்பிரஸ் பஸ் டிரைவரிடம் கொடுத்து அனுப்புவோம். கவரை ஒட்டுவதற்கு முன் சார் ஒவ்வொரு தாளையும் எடுத்து வைத்துக்கொண்டு, எழுதியவரைப் பார்த்து ஒரே கேள்வி கேட்பார். "நீ அங்க இருந்தியா?" இருந்தேன் என்றால் கையெழுத்துப் போடுவார். இல்லை என்றால் தாளைத் திருப்பித் தருவார். வலப்பக்கத்துக்கு மாற்றி எழுதிக்கொண்டு போக வேண்டும். இதில் அவமானம் ஒன்றும் கிடையாது, தினமும் நடப்பதுதான். ஆனால் எனக்கு இருபத்திரண்டு வயது. தாள் திரும்பி வந்தால் மூக்கு சிவந்துவிடும்.

அந்தக் காலத்தில் மலாக்கா, மூவார் வட்டாரத்தில் மரகதத்தைத் தெரியாத தமிழர் இல்லை. ஒரு மெல்லிசைக் குழுவின் பாடகி. தோட்டத்துக் கோயில் திருவிழாவா, டவுனில் கல்யாணமா, மரகதம் பாடுகிறார் என்றால் லாரி ஏறி ஆள் வரும். அவர் மட்டும் மைக்கைக் கையில் எடுக்க மாட்டார். மைக் நிற்கிற இடத்தில் அது நிற்கும், இவர் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு பாடுவார். தோட்டத்துப் பெண் பிள்ளைகள் நாங்கள் குளியலறை வாளிக்கு முன்னால் அப்படி நின்று பாடிப் பார்த்திருக்கிறோம்.

செலண்டாருக்கு உள்ளே ஒரு தோட்டத்தில் மாரியம்மன் திருவிழா வந்தது. தோட்டத்தின் பெயர் இங்கே வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை பகல் அன்னதானம் முடிந்து மரகதம் கச்சேரி. நான்தான் போய் எழுத வேண்டும். அந்த ஞாயிறு பார்த்து என்னைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்று வீட்டில் சொல்லிவிட்டார்கள். சாரிடம் அதைச் சொல்ல வெட்கம். திருவிழா எங்கே ஓடிவிடப் போகிறது, யாரையாவது கேட்டு எழுதிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

திங்கட்கிழமை காலை அந்தக் கோயில் செயலாளர் படியேறி வந்தார். கையில் அவரே எழுதிய ஒரு தாள், ஒரு புகைப்படம். மரகதம் மூன்றாவது பாட்டைப் பாதியில் நிறுத்திவிட்டு, யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லாமல் மேடையை விட்டு இறங்கிப் போய்விட்டார். தலைக்கனம் என்று தாளில் இரண்டு இடத்தில் எழுதியிருந்தது. நான் நோட்டை எடுத்தேன். அன்றைக்கு மட்டும் கோடு போடவில்லை.

எழுதினேன் பாருங்கள். "கொளுத்தும் வெயிலையும் பொருட்படுத்தாமல் திரண்டிருந்த ரசிகர்கள் ஆரவாரம் செய்துகொண்டிருக்க, பாடகி தலைக்கனத்தோடு மேடையை விட்டு இறங்கினார். ஏமாந்து நின்ற குழந்தைகளின் முகங்களைக் கண்டபோது நெஞ்சு கனத்தது." எந்த நெஞ்சு? என் நெஞ்சு அந்த நேரம் கேசரித் தட்டோடு மாப்பிள்ளை வீட்டார் முன்னால் நின்றுகொண்டிருந்தது. அந்தச் சம்பந்தமும் அமையவில்லை, அது வேறு விஷயம்.

மூன்று மணிக்கு முன் சார் தாளைக் கையில் எடுத்தார். படித்தார். என்னைப் பார்த்தார்.

"நீ அங்க இருந்தியா?"

"இருந்தேன் சார்."

கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டு, நல்லா எழுதியிருக்கேம்மா, உன் பேரு போட்டே அனுப்பலாம் என்றார். பெயரோடு வந்த என் முதல் செய்தி அது. பத்திரிகையில் மரகதத்தின் பழைய படம் ஒன்றைப் போட்டிருந்தார்கள். செயலாளர் தந்த புகைப்படம் கவரில் திரும்பி வந்தது. முதல் பெயர்ச் செய்தி அல்லவா, கத்தரித்து அந்தப் படத்தோடு சேர்த்து ஒரு கோப்பில் வைத்துக்கொண்டேன்.

அடுத்த சில மாதங்களில் மரகதத்தைக் கூப்பிடுவது குறைந்தது. பிறகு குழுவில் வேறு ஒரு பெண் பாடினார். பிறகு மரகதம் எங்கே என்றே யாருக்கும் தெரியவில்லை. பெயர் மட்டும் தங்கிவிட்டது. வீடு கட்டுகிறவர் பாதியில் காணாமல் போனால் "மரகதம் பாட்டு ஆயிருச்சு" என்றார்கள். பிள்ளை டியூஷனைப் பாதியில் விட்டால் மரகதம் பாட்டு. கல்யாணப் பேச்சு நின்றால் மரகதம் பாட்டு. என் எதிரிலேயே பல பேர் சொல்லியிருக்கிறார்கள். நானும் சிரித்திருக்கிறேன்.

அதற்குப் பிறகு நான் கோடு போடாமல் ஒரு நோட்டும் எழுதவில்லை. நல்ல புத்தி வந்து செய்ததல்ல, பயம். ஒரு முறை தப்பித்துவிட்டேன், இன்னொரு முறை அந்தப் பார்வைக்கு முன்னால் என்னால் முடியாது என்ற பயம். எப்படியோ, அந்தக் கோடு எனக்கு முப்பத்தைந்து வருடம் சோறு போட்டது. பிறகு நல்ல மனிதராக ஒருவர் வந்தார், அவரைக் கட்டிக்கொண்டேன், ஆயர் குரோவில் வீடு வாங்கினோம், இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைத்தோம். கதிரேசன் சார் ஓய்வு பெற்ற பிறகு அவர் நாற்காலியில் பத்து வருடம் உட்கார்ந்தேன். எழுதியவர்களைப் பார்த்து அதே கேள்வியைக் கேட்டேன். கேட்கும்போதெல்லாம் எனக்கு உள்ளே ஒரு முள் குத்தும். குத்தட்டும் என்று விட்டிருந்தேன்.

ஓய்வுக்குப் பிறகு வந்தவள் திவ்யா. எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி இருந்தாள், பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தாள். ஏதோ ஒரு பாடத்துக்காக என்னைப் பேட்டி எடுக்க வந்தவள், "நீங்க பேசறத அப்படியே போட்டா கேப்பாங்கக்கா" என்றாள். வீட்டில் மின்விசிறிச் சத்தம், பக்கத்து வீட்டு நாய்ச் சத்தம். போர்ட்டிக்கோவில் நிற்கிற காருக்குள் கண்ணாடியை ஏற்றிவிட்டு வியர்க்க வியர்க்கப் பதிவு செய்தோம்.

முதலில் பேர் வாங்கித் தந்தது நடிகர் கதை. ஒரு காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து பெரிய நடிகர் ஒருவர் எங்கள் பக்கத்துத் தோட்டத்துக்கு வந்தார், தொழிலாளர் லயத்தில் உட்கார்ந்து தேநீர் குடித்தார் என்று ஊரே சொல்லும். பல வீடுகளில் அவரோடு எடுத்த படம் சட்டம் போட்டுத் தொங்கும். விசாரித்துப் பார்த்தால், படத்தில் இருப்பவர் மூவாரிலிருந்து தையல் இயந்திரம் விற்க வந்தவர். நல்ல மீசை, அதுதான் வினை. நிகழ்ச்சி வந்ததும் சிலர் என்னோடு பேசுவதை நிறுத்தினார்கள். ஒரு பெரியவர் மட்டும் கூப்பிட்டார். "இருக்கட்டும்மா. படத்தக் கழட்ட மாட்டேன். அவரும் நல்லாத்தான் பேசுனாரு," என்றார். அவரை நினைத்தால் இன்றைக்கும் சிரிப்பும் நன்றியும் சேர்ந்து வருகிறது.

இப்படி ஊரார் பொய்களை எல்லாம் சிரித்துக்கொண்டே அவிழ்த்துக்கொண்டிருந்தபோது ஒரு நாள் திவ்யா சொன்னாள், "அக்கா, இந்த எடிட்டிங்க மரகதம் பாட்டு ஆக்காம இன்னைக்கே முடிச்சிரலாம்."

"யாரு மரகதம்?" என்று கேட்டேன்.

"தெரியாது லா. எங்கம்மா சொல்வாங்க."

தோட்டத்தில் கால் வைத்திராத பிள்ளை. மரகதத்தின் ஒரு பாட்டைக்கூடக் கேட்டதில்லை. அவள் வாய் வரைக்கும் என் பொய் வந்து சேர்ந்திருந்தது. அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் என்னைத் தேற்றவில்லை. "அப்ப இதத்தான்கா நாம முதல்ல பண்ணியிருக்கணும்," என்றாள். சரியாகத்தான் சொன்னாள்.

பழைய குழுத் தலைவரின் மகளை முகநூலில் பிடித்து, அவர் மூலமாக மரகதத்தைக் கண்டுபிடித்தது திவ்யாதான். மலாக்கா டவுனை ஒட்டிய செங்கில் ஒரு அடுக்குமாடி வீட்டின் மூன்றாவது மாடி. கதவைத் திறந்தவர் குள்ளமாக, குட்டையாக வெட்டிய நரைமுடியோடு, ஏதோ தொழிற்சாலையின் பெயர் போட்ட டீ சட்டையில் இருந்தார். எழுபதை நெருங்கும் வயது. உள்ளே வரச் சொல்லி, "பசியாறியாச்சா?" என்றார். கோப்பி கலக்கப் போனவரின் பின்னாலேயே சமையலறைக்குப் போனேன். உட்கார்ந்தால் சொல்ல மாட்டேன் என்று எனக்குத் தெரியும்.

"அக்கா, உங்களப் பத்தி அன்னைக்குப் பேப்பர்ல எழுதுனது நான்தான். நான் அங்க இல்ல. இருந்தேன்னு பொய் சொன்னேன்."

அவர் கரண்டியால் கலக்கிக்கொண்டே இருந்தார்.

"அப்பவே நெனச்சேன். வெயில்னு எழுதியிருந்தே. அன்னைக்குக் காலையிலேருந்து மழ தூறிக்கிட்டு இருந்துச்சு."

மன்னிச்சிருங்க என்றேன். அவர் கோப்பியை என் கையில் கொடுத்தார்.

பாட்டு நின்ற பிறகு செங்கில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் இருபத்தெட்டு வருடம் வேலை பார்த்திருக்கிறார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கூட வேலை செய்தவர்களுக்கு இவர் பாடுவார் என்றே தெரியாது. "மெசின் பாதியில நின்னா அவளுங்க மரகதம் பாட்டும்பாளுங்க. நான்தான் அந்த மரகதம்னு தெரியாது. நானும் சேந்து சொல்வேன் லா," என்று சிரித்தார். என்னால் சிரிக்க முடியவில்லை. ஏன் பாதியில் இறங்கினீர்கள் என்று கேட்டதற்குச் சிரிப்பு நின்றது.

"அது என் கத இல்லம்மா. ஒரு பொண்ணுக்கு வாக்குக் குடுத்திருக்கேன். அத விட்ரு."

வீட்டுக்கு வந்து பழைய கோப்பைத் தேடி எடுத்தேன். செயலாளர் தந்த படம் அதில் இருந்தது. காலியான மேடை, நடுவில் தனியாக மைக், பின்னால் லயத்து வீடுகள். நாற்பது வருடம் என்னிடம் இருந்த படம். கையில் வைத்திருந்தேனே தவிர ஒரு நாளும் பார்த்ததில்லை. திவ்யா அதைக் கணினியில் ஏற்றிப் பெரிதாக்கினாள். முதலில் தெரிந்தது குடைகள். கூட்டத்தில் பாதிப் பேர் குடை பிடித்திருந்தார்கள். கொளுத்தும் வெயில் என்று எழுதிய கையால் முகத்தை மூடிக்கொண்டேன்.

"அக்கா, இந்தக் கோடி வீட்டுல மட்டும் ஏன் டெக்கரேஷன் இல்ல?" என்றாள் திவ்யா.

டெக்கரேஷன் இல்லை, வேப்பிலைத் தோரணம். திருவிழாவுக்குக் காப்புக் கட்டினால் லயத்தில் வாசலுக்கு வாசல் வேப்பிலை கட்டுவார்கள். காப்பு அவிழ்க்கிற வரை அதில் ஒருவரும் கை வைக்க மாட்டார்கள். படத்தில் எல்லா வாசலிலும் வேப்பிலை இருந்தது, எல்லாக் கதவும் திறந்திருந்தது. கோடி வீட்டில் வேப்பிலை இல்லை, கதவு சாத்தியிருந்தது. ஒலிபெருக்கி கட்டிய கம்பம் அந்த வீட்டு வாசலை ஒட்டி நின்றது.

தோட்டத்தில் வளர்ந்தவளுக்கு இதற்கு மேல் யாரும் சொல்ல வேண்டியதில்லை. அந்த வீட்டில் சாவு. காப்புக் கட்டிய பிறகு லயத்தில் சாவு விழுந்தால் பூசை நிற்கும், கோயில் நடை சாத்துவார்கள், தேர் போன இடத்திலேயே நிற்கும். வருடம் முழுக்கச் சம்பளத்தில் பிடித்த பணத்தில் நடத்துகிற திருவிழா. அதனால் சாவை மறைத்திருக்கிறார்கள். ஆனால் சாவு வீட்டு வாசலில் அம்மனுடைய இலையைத் தொங்க விட அவர்களுக்கு மனம் வரவில்லை. ஊரை ஏமாற்றலாம், ஆத்தாளை ஏமாற்ற முடியுமா? அதை மட்டும் அவிழ்த்துவிட்டிருக்கிறார்கள்.

மறுபடி செங்குக்குப் போய்ப் படத்தை மரகதத்தின் மேசையில் வைத்துக் கோடி வீட்டைத் தொட்டுக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகு நேரம் பார்த்தார்.

"நான் சொல்லல. நீயா பாத்துக்கிட்டே," என்றார். அதற்குப் பிறகுதான் பேசினார்.

புடவை மாற்ற அவருக்குக் கொடுத்தது கோடி வீட்டுக்கு அடுத்த வீடு. நடுவில் பலகைச் சுவர். அந்தப் பக்கம் யாரோ வாயைப் பொத்திக்கொண்டு அழுகிற சத்தம் கேட்டு எட்டிப் பார்த்திருக்கிறார். பாயில் ஓர் அம்மா, நண்பகலில் உயிர் போயிருக்கிறது. பக்கத்தில் இருபது வயதுப் பெண் ஒருத்தி துண்டை வாயில் அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பெயர் புஷ்பம். சாயங்காலம் தேர் நிலைக்கு வந்து காப்பு அவிழ்க்கிற வரை மூச்சு விடக் கூடாது என்று கோயில் ஆட்கள் சொல்லியிருந்தார்கள். அவர்கள் கையிலும் காப்பு இருந்தது, அவர்களுக்கும் பயம்தான்.

"'யார்கிட்டயும் சொல்லிராதீங்கக்கா, எங்களாலதான் திருவிழாவுக்குத் தீட்டு வந்துச்சுன்னு சொல்வாங்க'ன்னு என் கையப் புடிச்சிக்கிச்சு அந்தப் பொண்ணு. சரின்னுட்டுத்தான் மேடைக்குப் போனேன். ரெண்டு பாட்டு பாடிட்டேன். மூணாவது துள்ளல் பாட்டு. என் சத்தம் அந்தக் கதவுல போயி மோதுறது எனக்கே கேக்குது. உள்ள அது துண்டக் கடிச்சிக்கிட்டு ஒக்காந்திருக்கும். எனக்கு வரலம்மா. ஏன்னு யாராச்சும் கேட்டிருந்தா அழுதிருப்பேன். அழுதா தெரிஞ்சிரும். அதான் பேசாம எறங்கிப் போயிட்டேன்."

எதிர்த்து ஒரு வார்த்தை பத்திரிகைக்கு எழுதியிருக்கலாமே என்றேன். எழுதினால் காரணம் சொல்ல வேண்டும் என்றார். "போயி அந்தப் பொண்ணக் கேளு. அது சரின்னா எனக்கும் சரி. வேணாம்னா இதோட விட்ரு."

கோடி வீட்டுக்காரர்கள் யார் என்று தெரிந்துகொள்ள எனக்கு இரண்டு போன் போதுமாக இருந்தது. புஷ்பம் இப்போது செலண்டாரில் ஒரு தாமான் குடியிருப்பில் இருந்தார். பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் வேலை பார்த்து ஓய்ந்தவர். மரகதத்தின் பெயரைச் சொன்னதும் அவர் முகம் போன போக்கை என்னால் பார்க்க முடியவில்லை.

"பாசார்ல யாராச்சும் மரகதம் பாட்டுன்னு சொன்னா, வாங்குன காய அப்படியே வச்சிட்டு வீட்டுக்கு வந்துருவேன்," என்றார். ஆனால் வேண்டாம் என்றுதான் சொன்னார். அவருடைய அண்ணன்தான் இன்றைக்கு அந்தக் கோயில் தலைவர். அந்தத் திருவிழாவுக்கு அடுத்த வருடம் கோயில் ஆலமரத்தில் இடி விழுந்தது. பிறகு ரப்பரை அழித்துச் செம்பனை போட்டார்கள், லயத்தை உடைத்தார்கள். அந்த வருடம் ஏதோ குறை நடந்துவிட்டது என்று ஊர் இன்னும் பேசுகிறது. எல்லாம் தங்கள் வீட்டால் வந்தது என்று இந்த அம்மாள் நாற்பது வருடமாக நம்பிக்கொண்டிருந்தார்.

வாசல் வரை வந்து வழியனுப்பும்போது இன்னொன்று சொன்னார். "மறுநாள் காலையில செத்தாங்கன்னுதான் எல்லார்கிட்டயும் சொன்னோம். சர்டிபிகேட்லயும் அதான். வருஷா வருஷம் எங்கம்மாவுக்குத் தப்பான நாள்லதான் படைக்கறோம். அவங்க நாள் அன்னைக்கு நான் மட்டும் ஒரு டம்ளர் தண்ணி வச்சிக் கும்புட்டுக்குவேன், யாருக்கும் தெரியாம."

என் தொழிலில் அதைவிடப் பெரிய செய்தி எனக்குக் கிடைத்ததில்லை. அது என்னுடையது இல்லை என்று அதைவிடத் தெளிவாக எனக்கு எப்போதும் தெரிந்ததுமில்லை. என் பொய் மட்டும் என்னுடையது. அதை மட்டும் சொல்வது என்று முடிவு செய்தோம்.

ஊருக்குச் சொல்வதற்கு முன்னால் ஒருவருக்குச் சொல்ல வேண்டியிருந்தது. கதிரேசன் சார் ஆயர் குரோவிலேயே மகன் வீட்டில் இருந்தார். எண்பத்தாறு வயது, காதில் கருவி, வீட்டுக்குள்ளும் மணிக்கட்டில் பொத்தான். சொல்லி முடித்தேன். சரியாகக் கேட்டதா என்று சந்தேகமாக இருந்தது. கேட்டிருந்தது.

"குழுத் தலைவரு அடுத்த நாளே போன் பண்ணாரும்மா," என்றார் மெதுவாக. "அந்தப் பொண்ணு அப்படிப்பட்டது இல்ல சார், விசாரிச்சிட்டு எழுதுங்கன்னாரு. நான்தான் எடுத்தேன். எங்க நிருபர் அங்க இருந்தாங்கன்னு சொல்லி போன வச்சிட்டேன்."

இத்தனை வருடமும் என் பொய் என்னோடு நின்றுவிட்டது என்று நினைத்திருந்தேன். அதை நான் அவர் வாயிலும் வைத்திருந்தேன். அழுதுவிட்டேன். அவர் சமாதானம் சொல்லவில்லை, திட்டவும் இல்லை. சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார். "அந்தப் பாட்டுப் பெட்டியக் கொண்டா. என்னையும் பதிவு பண்ணு," என்றார். மைக்கில் அவர் பேசியது இரண்டே வரி. "அந்த போன நான் வச்சிருக்கக் கூடாது. மரகதம் அம்மா என்ன மன்னிக்கணும்." பதிவு முடிந்த பின் என் தலையில் கை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். அந்தக் கைக்கு நான் பட்ட கடன் தீராது.

நிகழ்ச்சி வெளியானது. நான் அங்கே இல்லை, வெயில் என்பது பொய், தலைக்கனம் என்பது கேள்விப்பட்ட சொல், அவர் இறங்கிப் போனதற்கு நியாயமான காரணம் உண்டு, அதைச் சொல்லும் உரிமை எனக்கு இல்லை. அவ்வளவுதான். இத்தனை வருடம் கழித்து எதற்கு என்று சிலர் எழுதினார்கள். கூட வேலை பார்த்த ஒருவர், பத்திரிகையின் பெயரைக் கெடுத்துவிட்டாய் என்று இன்று வரை பேசவில்லை. மூன்றாம் நாள் புஷ்பத்திடமிருந்து ஒரு குரல் செய்தி வந்தது.

"அக்கா, அண்ணன் நிகழ்ச்சியக் கேட்டுட்டாரு. வந்து என் பக்கத்துல ஒக்காந்து அழுதாரு. அன்னைக்கு வேப்பிலைய அவுத்தது அவருதான். மரகதம் ஒருத்தங்க மட்டும் எதுக்கு நமக்காகச் சொமக்கணும், சொல்லிருன்னுட்டாரு. நான் வந்து பேசறேன்."

வந்து பேசினார். அதைக் கேட்காத தமிழ் வீடு இந்த மாநிலத்தில் குறைவு என்று திவ்யா பெருமையாகச் சொல்வாள். மரகதம் மட்டும் மைக்குக்கு முன்னால் உட்கார மறுத்துவிட்டார். "நான் பேசுனா அதுவும் பாதியிலதான் நிக்கும்," என்றார். அந்தச் சொலவடை இன்னும் ஊரில் இருக்கிறது. போன மாதம் திவ்யாவின் அம்மா ஒரு கல்யாணத்தில், அநியாயமாகப் பேசிய ஒருவரின் பக்கத்திலிருந்து எழுந்து வந்தபோது, "மரகதம் மாதிரி எந்திரிச்சி வந்துட்டேன்," என்றாராம். அதற்கு நான் பொறுப்பில்லை.

இந்த வருடம் புஷ்பத்தின் அம்மாவுக்குச் சரியான நாளில் படையல். அண்ணனே ஐயரிடம் போய்த் திதி கணக்குப் பார்த்து வந்தார். என்னையும் திவ்யாவையும் கூப்பிட்டிருந்தார்கள். கதிரேசன் சாரை மகன் காரில் அழைத்து வந்தார். மரகதம் பஸ்ஸில் வந்து இறங்கினார். வாசலில் அவரைப் பார்த்ததும் புஷ்பம் அன்றைக்குப் பிடித்த மாதிரியே கையைப் பிடித்துக்கொண்டார். இலை போட்டுப் படைத்து, தீபம் காட்டிய பிறகு புஷ்பம் கேட்டார்.

"அக்கா, அந்த மூணாவது பாட்ட முடிச்சிக் குடுங்க."

"அது துள்ளல் பாட்டும்மா. படையலுக்கு முன்னாலயா?"

"எங்கம்மாவுக்கு அது ரொம்பப் பிடிக்கும்கா. அன்னைக்குக் காலையில கூட, மரகதம் அதப் பாடுமான்னு கேட்டாங்க."

மரகதம் அண்ணனைப் பார்த்தார். அவர் தலையசைத்தார். மரகதம் எழுந்து நின்று, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, விட்ட வரியிலிருந்து தொடங்கினார். குரல் பழைய குரல் இல்லை. இரண்டு இடத்தில் மூச்சு வாங்கியது. ஆனால் நிறுத்தவில்லை. கடைசி வரி வரை பாடி முடித்தார். புஷ்பம் வாயைப் பொத்திக்கொள்ளாமல் அழுதார்.

வீட்டுக்கு வந்ததும் நோட்டை எடுத்தேன். ஸ்கேல் வைத்துக் கோடு போட்டேன். மரகதம் அந்தப் பாட்டை முழுவதுமாகப் பாடினார் என்று இடப்பக்கத்தில் எழுதினேன். வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது, அதையும் எழுதினேன். கதிரேசன் சார் கிளம்பும்போது காருக்குள்ளிருந்து, வழக்கம் போல மெதுவாக, அந்த ஒரே கேள்வியைக் கேட்டிருந்தார். அவருக்குச் சொன்ன பதிலைக் கடைசி வரியாக அதன் கீழே எழுதினேன்.

இருந்தேன் சார்.